குதிகால் சொன்ன சேதி

வைகாசித் திருவிழாவில் கருடசேவை நடந்த இரவு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்ட வாகனம், கிழக்கு வீதியையும் தெற்கு வீதியையும் கடந்து மேற்கு வீதி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. தண்டுக்குத் தோள் கொடுத்தவர்களுள் 27 வயது இளைஞன் ஒருவனும் இருந்தான். சென்னையில் பணி, திருவிழாவுக்கென்று விடுப்பு எடுத்து வந்தவன். வாகனம் திரும்பும் வேளையில் இடது மார்பில் ஊசியால் குத்தியது போல் சுருக்கென்று ஒரு வலி எழுந்தது. பக்கத்தில் நின்றவரிடம் தண்டை மாற்றிவிட்டு அருகிலிருந்த திண்ணையில் சாய்ந்தான்.

ஒருவர் சோடா வாங்கி வந்தார். ஒருவர் மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். "வாயுப் பிடிப்பு, விடிந்தால் சரியாகிவிடும்" என்றார் ஊர்ப் பெரியவர். வாகனம் நகர்ந்தது, நாகசுர ஓசையும் நகர்ந்தது. வீதியில் நின்ற அத்தனை பேரும் பெருமாளின் பக்கம் திரும்பியிருக்க, ஒரு பெண்மணி மட்டும் திண்ணையையே பார்த்து நின்றார். அவர் அந்த இளைஞனின் தாயார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய கணவர் 16 ஆண்டுகளுக்கு முன் 46-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். கணவரின் அண்ணன் 43 வயதில் போனார். மாமனார் 49-இல். "அந்த வீட்டு ஆண்களுக்கு ஐம்பது இல்லை" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் முன்னிலையில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் அது அவர் காதுக்கு எட்டாமல் இல்லை.

மறுநாள் காலையில் உள்ளூர் மருத்துவரிடம் இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. "சரியாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை" என்று அமிலத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். வீடு பெருமூச்சு விட்டது. அந்தத் தாள் சுவாமி படத்தின் கீழ் வைக்கப்பட்டது.

இ.சி.ஜி. நல்ல சோதனைதான். மார்பு வலி என்று யார் வந்தாலும் முதலில் எடுக்க வேண்டியதும் அதுவே. ஆனால், படுத்திருக்கும் மனிதனின் இதயத்தில் ஓடும் மின்துடிப்பைப் பத்து விநாடி அளவுக்கு அது பதிவு செய்கிறது, அவ்வளவே. ஒரு நாள் மாலையின் கையிருப்பை மட்டும் எண்ணிப் பார்த்து ஒரு கடையின் நிலைமையைச் சொல்லிவிட முடியுமா? ஓய்வில் இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருப்பதனாலேயே இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பில்லை என்று ஆகிவிடாது. வலி வந்த இரவே மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் இ.சி.ஜி.யோடு டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்திருப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதம் அது. முதல் முறை சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது வழக்கம்.

இளைஞன் சென்னைக்குத் திரும்பினான். பத்து நாட்களில் வலியும் திரும்பியது. படுக்கையில் புரண்டால் குத்தியது. கைப்பெட்டியைத் தூக்கினால் குத்தியது. இரவில் விழித்துக்கொண்டு கைப்பேசியில் தன் வலிக்குப் பொருள் தேடினான். தேடத் தேட அச்சம் வளர்ந்தது; அச்சத்தால் நெஞ்சு படபடத்தது; படபடப்பை நோய் என்று எண்ணி மேலும் அஞ்சினான். தந்தையின் வயதிலிருந்து தன் வயதைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. மீதம் 19.

ஊரில் தாயார், திருநின்றவூர் இருதயாலீசுவரருக்கு வேண்டிக்கொண்டார். பூசலார் நாயனார் தம் நெஞ்சத்துக்குள்ளேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பிய தலம் அது. இதய நோய் தீர வேண்டுவோர் அங்கே சென்று வழிபடுவது வழக்கம். இதைக் கேட்ட பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சொன்னார்: "அவசியம் போய் வாருங்கள், அம்மா. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பூசலார் மனத்தில் கட்டிய கோயில்தான். அதற்கும் அவர் நல்ல நாள் பார்த்தார், அடித்தளம் போட்டார், கல்லும் பணியாளரும் தேடினார், கிணறும் குளமும் கூடத் தோண்டினார் என்கிறார் சேக்கிழார். எந்தப் படியையும் அவர் தாண்டிப் போகவில்லை. பையனை நல்ல இதய மருத்துவரிடம் அழைத்துப் போவதும் உங்கள் வேண்டுதலில் ஒரு படியாக இருக்கட்டும்."

அடுத்த வாரம் தாயும் மகனும் தஞ்சையில் ஓர் இதய மருத்துவர் முன் அமர்ந்திருந்தனர்.

மருத்துவர் இ.சி.ஜி. தாளைப் பார்த்து ஓரமாக வைத்தார். "வலி எங்கே என்று காட்டுங்கள், தம்பி" என்றார். இளைஞன் ஒரு விரலை நடுமார்பெலும்பின் இடது ஓரத்தில் வைத்தான். மருத்துவர் தலையசைத்தார். இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலியைப் பெரும்பாலோர் ஒற்றை விரலால் காட்டுவதில்லை. உள்ளங்கையையோ முட்டியையோ நெஞ்சின் நடுவில் வைத்து, அழுத்துகிறது, பாரம் ஏற்றியது போலிருக்கிறது என்பார்கள். நடந்தால் வரும், நின்றால் தணியும். கழுத்துக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவலாம். இந்த இளைஞனின் வலியோ அசைந்தால் குத்தியது. அதே இடத்தில் அழுத்தியபோதும் சுளீரென்றது.

"இது பெரும்பாலும் விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் ஏற்பட்ட அழற்சி. தண்டைத் தோளில் தாங்கியதால் வந்திருக்கலாம். இளம் வயதில் வரும் மார்பு வலிகளுள் பெரும்பாலானவை இதயத்தைச் சேர்ந்தவை அல்ல" என்றார் மருத்துவர்.

தாயாரின் கண்கள் நிறைந்தன. எழுந்திருக்கப் போனார்.

"உட்காருங்கள், அம்மா. வலிக்குப் பதில் கிடைத்தது. உங்கள் வீட்டைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை" என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

தாளின் மேலே தாத்தா, பாட்டி. கீழே பெரியப்பா, அப்பா, அத்தை. அதற்கும் கீழே இவனும் தங்கையும், அத்தையின் மகனும். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். யார் எந்த வயதில் மறைந்தார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முன்னதாக மயக்கம் வந்ததுண்டா, நெஞ்சில் பாரம் சொன்னதுண்டா, நீரில் மூழ்கியோ வண்டி ஓட்டும்போதோ காரணம் புரியாமல் இறந்தவர் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் இதயக் குழாய் நோய் வந்திருந்தால் மருத்துவம் அதை இளம்பருவக் குடும்ப நோய் என்று கருதிக் கவனம் கொள்கிறது. இங்கே மூன்று ஆண்கள்; மூவரும் ஐம்பதுக்குள்.

கட்டங்கள் நிறைந்த பிறகு மருத்துவர் இளைஞனின் கண்களில் விளக்கடித்துப் பார்த்தார். விரல் முட்டிகளைத் தடவினார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரை இரு விரல்களால் பிடித்துப் பார்த்தார். அது சற்றுத் தடித்திருந்தது.

"நெஞ்சு வலிக்கு வந்தால் காலைப் பார்க்கிறாரே" என்று தாயார் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அடுத்த கணம் அவருடைய முகம் மாறியது. "ஐயா, இவன் அப்பாவுக்கும் அங்கே கட்டி மாதிரி இருக்கும். பூட்ஸ் போட்டால் உரசும் என்று பின்பக்கத்தை மடக்கி மிதித்தே நடப்பார். செருப்புக் கடித்துக் காய்த்துப்போனது என்றுதான் நினைத்திருந்தோம்."

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அவருடைய மருத்துவத் தாள்கள் ஏதேனும் வீட்டில் இருக்கின்றனவா?"

அன்று மாலை, 16 ஆண்டுகளாகத் திறக்கப்படாதிருந்த டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆயுள் காப்பீட்டுத் தொகை கோரியபோது இணைத்த தாள்களின் படிகள், எல்லாம் ஒழுங்காக நூலில் கோக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே மருத்துவமனை தந்த மங்கலான ஒரு பக்கம். அதில் ஒரு வரி: மொத்தக் கொழுப்பு 372 மில்லிகிராம். 200-க்குள் இருக்க வேண்டிய எண் அது. பணம் பெறுவதற்காகப் பலமுறை புரட்டப்பட்ட அந்தத் தாளில் அந்த வரியை மட்டும் யாரும் படித்திருக்கவில்லை. தந்தை விட்டுச் சென்ற வீட்டுக்கும் தொகைக்கும் வாரிசுகள் யார் என்று சான்று வாங்கியாயிற்று. இந்த எண்ணுக்கு வாரிசு யார் என்று எவரும் கேட்கவில்லை.

பரிசோதனைகள் தொடங்கின. உறவினர் ஒருவர், "நேராக ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று யோசனை சொன்னார். மருத்துவர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி எழாமல் சோதனையைச் செய்தால் செலவும் கதிர்வீச்சும் கவலையும்தான் மிஞ்சும் என்றார். எனவே வரிசையாகச் சென்றார்.

முதலில் எக்கோ. இதயத்தின் சுவர்களும் வால்வுகளும் எப்படி அசைகின்றன என்று ஒலியலைகளால் காட்டும் சோதனை. குடும்பத்தில் இளவயது மரணங்கள் இருக்கும்போது இதை விடக் கூடாது. ஏனெனில், குழாய் அடைப்பு இல்லாமலேயே இதயத்தின் தசைச் சுவர் தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. ஓடும்போதோ விளையாடும்போதோ திடீரென்று சாயும் இளைஞர்களுள் சிலருக்குக் காரணம் அதுவே. ஊரார் எல்லாத் திடீர் மரணங்களையும் மாரடைப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், உண்மையில் எது நடந்தது என்பது மறைந்துபோகிறது. இளைஞனின் எக்கோ சீராக இருந்தது.

அடுத்தது டிரெட்மில். ஓடும் பட்டையின் மேல் நடக்கச் செய்து, மூன்று மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே, இதயம் கடுமையாக உழைக்கும்போது இ.சி.ஜி. எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவரின் உச்ச இதயத் துடிப்பு என்பது பொதுவான கணக்கு. அதில் 85 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். இவனுக்கு அது நிமிடத்துக்கு 164. பன்னிரண்டாம் நிமிடத்தில் அதைக் கடந்தான். வலியும் வரவில்லை, இ.சி.ஜி.யும் மாறவில்லை.

மூன்றாவது, சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் எளிய இரத்தப் பரிசோதனை. அதில்தான் விடை இருந்தது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 258. வயது வந்தவரிடம் அது 190-ஐ எட்டினாலே பரம்பரைக் காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றால் இப்படி உயர்ந்திருக்கலாமா என்றும் பார்க்கப்பட்டது. அவை யாவும் சரியாகவே இருந்தன.

"முட்டையைக் கூட வாசலுக்குள் சேர்க்காத வீடு, ஐயா, எங்களுடையது" என்றார் தாயார். அவர் குரலில் வியப்பும் சிறிது மனத்தாங்கலும் கலந்திருந்தன.

"உணவு மட்டும் காரணமாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு இது வந்திருக்காது, அம்மா" என்று மருத்துவர் விளக்கினார். உடலில் உள்ள கொழுப்பின் பெரும்பகுதி உடலே செய்துகொள்வது. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரலில் வாயில்கள் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அவற்றுள் பாதி வேலை செய்வதில்லை. உள்ளே போக வேண்டிய கொழுப்பு இரத்தத்திலேயே தேங்கி, குழந்தைப் பருவத்திலிருந்து குழாய்ச் சுவர்களில் படிகிறது. தசைநாரிலும் படிந்து குதிகாலைத் தடிக்கச் செய்கிறது. தசைநார்க் கட்டியும் உயர்ந்த கொழுப்பும் இளவயது இதய நோயும் சில குடும்பங்களில் சேர்ந்தே வருவதை 1938-இல் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர் எடுத்துரைத்தார். அந்த வாயில்களைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இக்குறை இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கொழுப்பு உயர்ந்தால் வலிப்பதில்லை.

"இது தலையெழுத்தா, டாக்டர்?" என்று இளைஞன் கேட்டான்.

"உங்கள் தாத்தாவுக்குத் தலையெழுத்தாகத்தான் இருந்தது. அப்போது மருந்தில்லை. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளால் தொடங்கிய ஸ்டேட்டின் மாத்திரைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. இந்த வயதில் தொடங்கினால் பெரும் பகுதி ஆபத்தைத் தடுக்கலாம். ஆனால் ஒரு மாதம் சாப்பிட்டு நிறுத்துவதற்கு அல்ல. நாள்தோறும், வாழ்நாள் முழுதும். புகையிலையின் பக்கமே போகக் கூடாது." இதைச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளைத் தாளை மீண்டும் எடுத்தார். "உங்கள் தங்கையையும் அத்தையையும் அத்தை மகனையும் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர வாய்ப்பு சரிபாதி. ஆண், பெண் என்ற வேறுபாடு இதற்கில்லை. பெண்களுக்குச் சில ஆண்டுகள் தாமதமாக வெளிப்படும். அதனால்தான் ஊரார் ஆண்களைப் பற்றி மட்டும் பேசினார்கள்."

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெல்லிய குரலில் சொன்னார்: "ஐயா, என் பெண்ணை அவள் அத்தை மகனுக்குத்தான் பேசி வைத்திருக்கிறோம். ஆவணியில் நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் இதைச் சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும். கல்யாணம் முடியட்டும், அதுவரை இது நமக்குள் இருக்கட்டும்."

கணவர் இல்லாமல் இரு பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாயின் அச்சம் அது. மருத்துவர் அதைக் கடிந்துகொள்ளவில்லை. தாளில் இரண்டு கட்டங்களை ஒரு கோட்டால் இணைத்தார். "அம்மா, வேறிடத்தில் சம்பந்தம் செய்தால்கூடச் சொல்ல வேண்டிய செய்தி இது. இதுவோ உறவுக்குள் நடக்கும் திருமணம். உங்கள் பெண்ணுக்கும் இது இருந்து, மாப்பிள்ளைக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பக்கமிருந்தும் குறை வந்து சேர நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தைக்கு எல்.டி.எல். 500-ஐத் தாண்டும், பள்ளிப் பருவத்திலேயே இதயம் பாதிக்கப்படலாம். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லுவதைவிட இப்போது சொல்லுவதுதான் உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் சீர்."

அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தாயார் பூஜை அறையிலேயே வெகுநேரம் அமர்ந்திருந்தார். கணவரின் குதிகாலில் இருந்த கட்டிக்கு எத்தனை முறை விளக்கெண்ணெய் தடவிவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதே ஒருவர் அதன் பொருளைச் சொல்லியிருந்தால்! அப்படிச் சொல்லாமல் போன ஒருவராகத் தாமே ஆகிவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விடிந்ததும் மகனிடம், "கிளம்பு, அத்தை வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

திருச்சியில் இருந்த நாத்தனாருக்கு வயது 58. செய்தியைக் கேட்டு அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. சிறிது நேரம் கையை நெஞ்சின் நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "அண்ணி, நானும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக மலைக்கோட்டை ஏறும்போது தாயுமானவர் சந்நிதிக்கு முன்னாலேயே இங்கே கல்லை வைத்தது போல் ஆகிவிடுகிறது. உட்கார்ந்தால் போய்விடும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நெஞ்சு வலி ஆண்களுக்குத்தானே வரும்?"

ஏறினால் பாரம், அமர்ந்தால் நிவாரணம். மருத்துவர் இளைஞனிடம் தேடி, காணாமல் போன அடையாளம் அது. அந்த வாரமே அத்தைக்குச் சோதனைகள் நடந்தன. எல்.டி.எல். 236. டிரெட்மில்லில் ஏறிய சில நிமிடங்களிலேயே இ.சி.ஜி. மாறியது. இப்போது ஆஞ்சியோகிராமுக்குக் காரணம் இருந்தது. இதயத்தின் முன்பக்கம் செல்லும் முக்கியக் குழாய் 90 விழுக்காடு அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழல் பொருத்தப்பட்டது. மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

அத்தை மகனுக்கு எல்.டி.எல். 229, அவனுக்கும் இக்குறை இருந்தது. தங்கையின் தாள் கடைசியாக வந்தது. அதைப் பிரிக்கத் தாயாருக்குக் கை வரவில்லை, மகன்தான் பிரித்தான். 104. அவளுக்கு இல்லை.

இனி இரு வீட்டாரும் அறிந்தே முடிவெடுக்கலாம். பெண்ணுக்குக் குறை இல்லாததால் குழந்தைக்கு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் என்ற அச்சம் நீங்கியது. ஆயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் தந்தை வழியில் வர சரிபாதி வாய்ப்பு உண்டு. குழந்தைப் பருவத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் இருவரையும் வைத்துக்கொண்டே விளக்கினார். மணமகனாக இருந்தவன், "வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் தவறாக நினைக்க மாட்டேன்" என்றான். பெண் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். ஆவணி நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிற்று. தை மாதத்தில் திருமணம் நடந்தது.

இந்தக் குடும்பத்தின் கதையிலிருந்து ஆன்மிக அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வலி வந்த வேளையில் செய்ய வேண்டியது. நெஞ்சின் நடுவில் அழுத்தமோ பாரமோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தால், வயது என்னவாயினும் சோடாவுக்கும் பெருங்காயத்துக்கும் நேரம் செலவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். உழைக்கும்போது மயங்கி விழுந்தாலும் அப்படியே. அழுத்தினால் வலிக்கிறது, ஆகவே இதயமில்லை என்று நாமாகத் தீர்ப்பெழுதவும் கூடாது. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நம் வீட்டு வரலாறு. கோத்திரமும் குலதெய்வமும் நட்சத்திரமும் நமக்கு மனப்பாடம். சங்கல்பத்திலும் திதியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தடையின்றிச் சொல்கிறோம். அந்த மூன்று தலைமுறையினர் எந்த வயதில், எந்த நோயில் மறைந்தனர் என்று கேட்டால் தடுமாறுகிறோம். பெண் வழி உறவினரைப் பற்றியோ அதுவும் தெரிவதில்லை. மருத்துவர் முன் அமரும்போது மிகவும் பயன்படும் தாள் அதுதான். அதைத் தயாரிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை; வீட்டின் மூத்தவர்களிடம் அரை நாள் அமர்ந்து பேசினால் போதும். அவர்கள் இருக்கும்போதே பேச வேண்டும்.

மூன்றாவது, மறைத்தல். நல்ல எண்ணத்தில்தான் மறைக்கிறோம். ஆனால் இரத்த உறவில் ஓடும் நோயை மறைப்பது, அடுத்தவர் பெயரில் உள்ள கடனை அவருக்குத் தெரியாமல் வைத்திருப்பது போலாகும். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த இளைஞனின் மார்பு வலி ஆறு வாரங்களில் முழுவதும் மறைந்தது. மாத்திரைகளால் அவனுடைய எல்.டி.எல். சில மாதங்களில் 100-க்குக் கீழே இறங்கியது. மறு ஆண்டு வைகாசியில் கருடசேவை வந்தபோது மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தண்டுக்குத் தோள் கொடுத்தான். இம்முறை வலது தோள். அத்தை மேற்கு வீதி முனையில் நாற்காலி போட்டு அமர்ந்து சேவித்தார்.

தாயாரும் அங்கே நின்றார். வாகனம் அருகே வந்தபோது அவர் பெருமாளையே பார்த்தார். வீட்டில் அந்த டிரங்குப் பெட்டியில் இப்போது ஒரு புதிய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் மாமனாரின் பெயர், வயது 49. அதற்குக் கீழே மூத்தாரின் பெயர், கணவரின் பெயர். பிறகு மகன், மகள், நாத்தனார், மருமகன். ஒவ்வொருவருக்கும் எதிரே தேதியும் எண்ணும். கடைசியில், இன்னும் பிறக்காத பேரக்குழந்தைக்கென்று ஒரு வரி காலியாக விடப்பட்டிருக்கிறது.